தவிட்டுக்கு வாங்கிய நாய்

எங்கள் நாய்க்கு வருடத்தில் இரண்டு தடவை சொந்தக்காரர் மாறுவார். காலையில் அது மாமாவின் நாயாகப் புறப்படும். மத்தியானம் திரும்பி வந்ததும் வாசலில் வைத்தே அதை ஒரு கோப்பை தவிட்டுக்கு வாங்கிக்கொள்வோம். இந்த விற்பனையையும் வாங்கலையும் பற்றி நாய் ஏதாவது நினைத்ததாகத் தெரியவில்லை. கார்க் கதவைத் திறந்தால் ஏறும், சாப்பாட்டுச் சத்தம் கேட்டால் இறங்கும். நினைத்ததெல்லாம் நாங்கள்தான், அதிலும் முக்கால்வாசி அம்மா.

அப்போது நாங்கள் மெல்பேர்னின் ரோவில் பகுதியில் இருந்தோம். எனக்கு ஏழெட்டு வயது. அந்த வீட்டை இப்போது நினைத்தால் எப்போதும் ஒரே பொழுதுதான் வருகிறது. குளிர்காலத்து முற்பகல். வரவேற்பறைக் கண்ணாடி வழியாக ஒரு பாய் அளவுக்கு வெயில் கார்ப்பெட்டில் விழுந்திருக்கும். அந்த வெயிலில் நாய் படுத்திருக்கும், நாயின் விலாவில் தலை வைத்து நான் படுத்திருப்பேன். வெயில் நகர நாய் எழும்பி நகரும், நானும் நகர்வேன். தூரத்து மலை நீலமாகத் தெரியும். நாயின் மூச்சோடு என் தலையும் ஏறி இறங்கும். மெல்பேர்னில் குளிர்காலத்தில் அப்படி வெயில் எறித்திருக்கவே முடியாது என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். என் ஞாபகத்துக்கு அவர் வானிலை அறிக்கை வாசிக்க வேண்டியதில்லை.

நாயைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அப்பா வேலை செய்த கிடங்கில் ஒருவர் குடும்பத்தோடு பேர்த் பக்கம் மாறிப் போனார், நாயை யாரிடமாவது விட வேண்டியிருந்தது. அப்பா ஒரு நாளும் இல்லாத வழக்கமாய்க் கையைத் தூக்கிவிட்டார். மண்ணிற உடம்பு, ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்து, எப்போதும் ஏதோ பாதிக் கேள்வி கேட்பது போன்ற முகம். அம்மா வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்.

“உள்ளுக்கு விடமாட்டன். கராஜோட நிக்கட்டும்.”

ஒரு கிழமை நின்றது. பிறகு மழை பெய்தது, குசினி வாசல் வரை வந்தது. பிறகு இன்னும் மழை பெய்தது. அந்த மாதம் முடிவதற்குள் அம்மா மீன்முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு அதற்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். எனக்குக்கூட அவ்வளவு முள் எடுத்தது கிடையாது.

நாய் வரும்போது அதன் பெயர் பிரின்ஸ். அந்தப் பெயரைக் கேட்டதும் அம்மா முகம் சுளித்தார். இளவரசன் என்று தெருவில் கூப்பிட்டால் போகிற வருகிற கண்ணெல்லாம் அதில்தான் விழும் என்றார். அன்றே குப்பன் என்று பெயர் மாறியது. குப்பையில் கிடந்தது என்றால் யார் ஆசைப்படப் போகிறார்கள்? பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அங்கிள் அதைக் கூப்பர் என்று அழைத்தார். எந்தப் பெயருக்கும் நாய் ஓடி வந்தது.

எனக்கும் வீட்டில் அப்படியொரு மரியாதை இருந்தது. நான் ஏதாவது குழப்படி செய்தால் மாமா உடனே தொடங்குவார்: “தவிட்டுக்கு வாங்கினது, வேற எப்பிடி இருக்கும்?” மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, டயர் கடையில் வேலை, எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார். என்னைத் தவிடு கொடுத்து யாரிடமோ வாங்கினார்களாம். தமிழ் வீட்டுப் பிள்ளைகளில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. என் சிநேகிதி ஒருத்தியையும் அவளுடைய வீட்டில் தவிட்டுக்குத்தான் வாங்கியிருந்தார்கள். ஆகையால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

குப்பனை முதன்முதலாக மிருக வைத்தியரிடம் கொண்டுபோனபோது குடும்பமே போனது. அப்பாதான் பிடிவாதமாக நின்றார். நாய்க்கு ஒரு வருத்தமும் இல்லையே என்று அம்மா கேட்டதற்கு, வருத்தம் வராமல் இருக்கத்தான் போவது என்றார். மீன்பொரியல் கடைக்குப் பக்கத்துக் கட்டடம் அது. உள்ளே போனால் வெளியில் இருந்த எண்ணெய் வாசனை சட்டென்று நின்று ஒரு சுத்தமான வாசனை வரும். தரை கண்ணாடி மாதிரி. நாய்களின் நகங்கள் அதில் டிக் டிக் என்று கேட்கும். மூலையில் ஒரு கிழவர் மடியில் பூனைக் கூடையோடு நித்திரை கொள்வார். எல்லோரும் மெதுவாகத்தான் பேசுவார்கள். எனக்கு அந்த இடம் யாரோ காணும் கனவுக்குள் போனது போல இருந்தது.

டொக்டர் நெட்டையான பெண். நரைத்த தலைமயிரைப் பின்னல் போட்டிருந்தார். குப்பனை நிலத்தோடு பதித்த தராசில் ஏற்றி, பல்லைப் பார்த்து, காதுக்குள் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு புகழ்ச்சி. கோர்ஜஸ் என்றார். என்ன பல்லு, என்ன மயிர், நிறை என்றால் இதுதான் நிறை, இவன் எங்கள் எல்லோரையும் விடக் கனகாலம் இருப்பான் என்று சிரித்தார். அப்பா ஏதோ தானே நாயைப் பெற்றவர் மாதிரி நிமிர்ந்து நின்றார். அம்மாவின் கை மட்டும் என் கையை இறுக்கிக்கொண்டே போனது. குனிந்த தலையோடு தூ, தூ என்று சத்தம் வராமல் துப்பிக்கொண்டிருந்தார். அந்தச் சுத்தமான தரையில் அம்மா உண்மையிலேயே துப்பிவிடுவாரோ என்று நான் வெட்கத்தில் செத்தேன்.

அன்று பின்னேரம் குப்பன் சாப்பிடவில்லை. மூலையில் சுருண்டு, கண்ணை அரைவாசி மூடிக் கிடந்தது. தடுப்பூசி போட்ட நாளில் அப்படித்தான் இருக்கும் என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு அதெல்லாம் ஏறவில்லை.

“பாத்தீங்களே? நாவூறு. பட்டுட்டுது.”

செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து நாயைச் சுற்றி மூன்று முறை சுழற்றி, இரும்புச் சட்டியில் போட்டார். அவ்வளவுதான், கூரையில் இருந்த புகை அலாரம் வீட்டைத் தூக்கிப் போட்டது. அப்பா துவாயை எடுத்து விசிறினார். மாமா தும்புத்தடியால் அலாரத்தை இடித்தார். நாங்கள் எல்லோரும் இருமிக் கண்ணீர் விட்டுக்கொண்டு நிற்க, குப்பன் ஒரு காதை மட்டும் அசைத்துவிட்டுத் தூங்கியது. மறுநாள் காலையில் எழும்பி இரண்டு நாள் சாப்பாட்டைச் சேர்த்துச் சாப்பிட்டது. ஊசி மயக்கம் தெளிந்தது என்றார் அப்பா. மிளகாய் வேலை செய்தது என்றார் அம்மா. இருவருமே வென்ற சண்டை என்பதால் அது முடியவே இல்லை.

அடுத்த பரிசோதனைக்கு ஞாபகப்படுத்திச் செய்தி வந்தபோது அம்மா மாட்டேன் என்றுவிட்டார். குப்பனுக்கு நடுவயது தாண்டிவிட்டது, இந்த வயதில் ஆறு மாதத்துக்கொருமுறை காட்டுவது நல்லது என்று அந்தச் செய்தியில் இருந்தது. நடுவயதாம், யார் கேட்டது என்று அம்மாவுக்கு அதிலும் கோபம்.

“காருக்கு சேர்விஸ் செய்யிறம்தானே? அதுமாதிரி நினையுமன்” என்றார் அப்பா.

“உங்கட காரை ஆரும் வடிவெண்டு சொல்லுறேல்லை. நல்லா இருக்கிற சீவனைக் கொண்டுபோய், நல்லா இருக்கு நல்லா இருக்கெண்டு ஊருக்கு முன்னால சொல்லுவிச்சுக்கொண்டு வரவே?”

எங்கள் காரைப் பார்த்தவர்கள் அம்மாவின் வாதத்தில் நியாயம் இருப்பதை ஒத்துக்கொள்வார்கள். நாட்கள் போயின. ஞாபகச் செய்தி இன்னொன்று வந்தது, அதைப் பற்றியும் யாரும் பேசவில்லை. எனக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. வெயிலில் அதன் விலாவில் தலைவைத்துப் படுத்திருக்கும்போது மூச்சு ஒரு கணம் பிந்தினாலும் எழும்பி அதன் முகத்தைப் பார்ப்பேன்.

மாமாதான் வழி கண்டுபிடித்தார். ஒரு சனிக்கிழமை காலை தேத்தண்ணியோடு குசினிக்குள் வந்து, மிகவும் சாதாரணமாகச் சொன்னார்.

“அக்கா, நாயை எனக்குத் தந்துவிடு.”

“உனக்கென்ன விசரே?”

“டொக்டரிட்ட போகேக்க மட்டும். அவ என்னத்தையும் சொல்லட்டும், அது என்ர நாயிலதானே விழும்? வந்தாப்போல தவிட்டைத் தந்து வாங்கு. தவிட்டு விலைச் சாமானில ஆர் கண் வைக்கப் போயினம்?”

இதைச் சொல்லும்போது மாமாவின் முகத்தில் சிரிப்பில்லை. அம்மா அடுப்பைப் பார்த்தபடி கனநேரம் நின்றார். கறி அடிப்பிடிக்கும் மணம் வந்தது. ஏன் இவ்வளவு யோசனை என்று எனக்கு விளங்கவில்லை. விளையாட்டு என்றால் உடனே ஓம் சொல்ல வேண்டியதுதானே?

“தவிட்டுக்கு எங்க போறது இஞ்ச?” என்றார் கடைசியில்.

தவிடு வீட்டிலேயே இருந்தது. அப்பாவின் வயிற்றுக் கோளாறுக்காக அவருடைய டொக்டர் காலையில் சாப்பிடச் சொன்ன தவிட்டுத் தானியப் பெட்டி. மாமா பெட்டியை ஆட்டிக் காட்டினார். இதில் சீனி போட்டிருக்கிறார்கள், இது செல்லுமோ என்று அம்மா கொஞ்சம் இழுத்தார். அவுஸ்திரேலியாவில் தவிடு இப்படித்தான் இருக்கும் என்று மாமா முடித்துவைத்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அந்தச் சடங்கு நடந்தது. வாசலில் அம்மா நாய்ச்சங்கிலியை மாமாவின் கையில் கொடுத்து, “இது உன்ர நாய்” என்பார். மாமா ஓம் என்று வாங்கிக்கொள்வார். அம்மாவும் காரில் வருவார், ஆனால் குப்பனைப் பார்க்கமாட்டார், தடவவும் மாட்டார். அது பின்னிருக்கையில் இருந்து அம்மாவின் தோளில் முகத்தை வைக்கும். அடுத்த வீட்டு நாயிடம் போல “அங்கால போ” என்பார். டொக்டரிடம் போனதும் நானும் மாமாவும் நாயும் உள்ளே போவோம், அம்மா காரிலேயே இருப்பார். திரும்பி வந்ததும் ஒரு கோப்பை தவிடு கைமாறும், சங்கிலி அம்மாவிடம் வரும். அந்தக் கணமே அம்மா நிலத்தில் குந்தியிருந்து குப்பனைக் கட்டிக்கொள்வார். மாமா தன் கோப்பைக்குப் பால் ஊற்றிச் சாப்பிடத் தொடங்குவார். அப்பா தன்னுடைய மருந்து குறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

எனக்கு அந்தக் காலைகளைப் போலப் பிடித்தது வேறொன்றும் இல்லை. டொக்டர் என்னைப் பக்கத்தில் நிற்க விடுவார். குப்பனின் வயிற்றை இரண்டு கையாலும் மெல்ல அழுத்தும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். அறையே அப்போது அமைதியாகிவிடும். குப்பனும் அசையாது. ஒருமுறை என் கையையும் பிடித்து அதன் வயிற்றில் வைத்தார். மெத்தென்று, சூடாக இருந்தது. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றையும் தேடவில்லை, இவன் சுகமாக இருக்கும்போது எப்படி இருக்கிறான் என்று என் கைக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், ஒருநாள் ஏதாவது மாறினால் கைக்குத் தெரியுமே என்றார். நான் காருக்கு ஓடி வந்து, டொக்டர் குப்பனின் வயிற்றோடு கதைக்கிறா என்று அம்மாவிடம் சொன்னேன். கார்க் கண்ணாடியில் மூச்சால் படிந்த புகாரைக் கையால் துடைத்துவிட்டு அம்மா அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன சொன்னா என்று கேட்கவில்லை. கேட்டால் நான் கோர்ஜஸ் என்று சொல்லிவிடுவேன் என்ற பயம்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு வசந்தகாலக் காலை வந்தது. தெருவெல்லாம் வாட்டில் மரங்கள் மஞ்சளாய்ப் பூத்திருந்தன. குப்பன் அன்று வழக்கத்தைவிட உற்சாகம். புறப்படும் முன்பு தோட்டத்தில் பந்துக்காக ஓடி, போகும் வழியெல்லாம் ஜன்னலால் தலையை நீட்டி, தராசில் தானாகவே ஏறி உட்கார்ந்தது. டொக்டர் பல்லைப் புகழ்ந்தார், காதைப் புகழ்ந்தார். நான் எல்லாவற்றையும் மாமாவின் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். பிறகு அவர் கண்ணை மூடி வயிற்றை அழுத்தினார். கை ஓரிடத்தில் நின்றது. திரும்ப வந்தது. திரும்பவும் அதே இடத்தில் நின்றது. அவர் கண்ணைத் திறந்தார்.

நன்றாகச் சாப்பிடுகிறானா என்று கேட்டார். சாப்பிடுகிறான் என்றார் மாமா. ஓடுகிறானா? இப்போதும் ஓடினான். டொக்டர் அதற்கு மேல் எதையும் புகழவில்லை. குப்பனை உள்ளே கொண்டுபோய் வயிற்றில் ஸ்கான் செய்து பார்த்தார்கள். திரையில் ஓயாமல் மழை பெய்வது போல இருந்தது. அந்த மழைக்குள், உள்ளங்கையில் அடங்கும் ஒரு தேசிக்காய் அளவுக்கு இருட்டு. மண்ணீரலில் கட்டி என்றார் டொக்டர். வெளியில் ஒன்றும் தெரியாது, நாயும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஒருநாள் அது வெடித்து உள்ளுக்குள் இரத்தம் போனால் இங்கே கொண்டுவரவே நேரம் இருக்காது. போன முறை இந்த இடம் மெத்தென்று இருந்தது, என் கைக்கு நல்ல ஞாபகம் என்றார். அந்த ஞாபகம் இல்லாவிட்டால் இவ்வளவு சின்னதாக இருக்கும்போது என் கையில் தட்டுப்பட்டிருக்காது. இப்போதே வெட்டி எடுத்தால் பிழைக்க நல்ல சாத்தியம் இருக்கிறது. வெட்டிப் பார்க்கும்வரை மிச்சம் சொல்ல முடியாது. சொந்தக்காரர் சம்மதம் வேண்டும் என்று மாமாவைப் பார்த்தார்.

மாமா ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். நானும் பின்னால் ஓடினேன். அம்மா எங்கள் முகத்தைப் பார்த்ததும் ஜன்னலை இறக்கினார்.

“அக்கா, வயித்துக்குள்ள ஒரு கட்டியாம். இண்டைக்கே வெட்டவேணுமாம்.”

அம்மாவின் கை கதவுப் பிடிக்குப் போனது.

“நீ பயப்பிடாத. இப்ப அது என்ர நாய். வாறதெல்லாம் என்ர தலையில வரட்டும். நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்ட போ, நான் நிண்டு பாக்கிறன்.”

மாமா சொன்னது எனக்கு மிகவும் சரியாகப்பட்டது. இதற்காகத்தானே இத்தனை நாளும் விற்றதும் வாங்கியதும்? கெட்டது ஏதோ குப்பனைத் தேடி வந்திருக்கிறது. வந்து கேட்டால் இது டயர் கடைக்காரரின் நாய் என்று சொல்லி அனுப்பிவிடலாம். கொஞ்சநேரம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அது ஏமாந்து போய்விடும்.

அம்மா கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். காலில் வீட்டுச் செருப்பு. முதல் நாளுக்குப் பிறகு மிதிக்காத அந்தக் கண்ணாடித் தரையில் சரக் சரக்கென்று நடந்து, யாரையும் கேட்காமல் உள்ளறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார். குப்பன் மேசையில் இருந்தபடி வாலை ஆட்டியது. அம்மா அதன் நெற்றியில் கை வைத்தார். டொக்டரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்.

“மை டோக். ஐ ஆம் மதர்.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான் அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இல்லை, மாமாவின் நாய் என்று சொல்லுங்கோ, மாமாவின் நாய் என்று சொல்லுங்கோ என்று அழுதேன். டொக்டருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. அவர் அம்மாவின் தோளைத் தொட்டு, இவன் மிக அழகான நாய், பலமான நாய் என்றார். நான் அழுகையை நிறுத்தி அம்மாவின் வாயைப் பார்த்தேன். இப்போது துப்பினால்கூடப் போதும், ஏதாவது மிஞ்சும்.

“யெஸ்,” என்றார் அம்மா. “பியூட்டிஃபுல்.”

அம்மா ஏன் அப்படிச் செய்தார் என்பது எனக்குப் பல்கலைக்கழகம் போன காலத்தில்தான் தெரிந்தது. காரில் போகும்போது மாமா வீதியைப் பார்த்தபடி சொன்னார். எனக்கு முன்னால் எனக்கொரு அண்ணன் இருந்தானாம். ஊரில் சண்டையால் இடம்பெயர்ந்து கொட்டில்களில் இருந்த நேரம். பிள்ளைகளை நிறுக்கும் கிளினிக்கில் தாதி அவனைத் தராசில் இருந்து தூக்கி, வரிசையில் நின்ற தாய்மாருக்கெல்லாம் காட்டி, பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றாளாம். அடுத்த முறை நிறுக்கும் நாள் வருவதற்குள் காய்ச்சல் கண்டது. நல்ல கொழுத்த பிள்ளைதானே, தாங்குவான் என்று எல்லோரும் சொன்னார்கள், பொறுத்துப் பார்த்தார்கள். அவன் தாங்கவில்லை.

அதனால்தான் நான் பிறந்ததும் அம்மா என்னைப் பக்கத்துக் கொட்டில் அன்ரியின் கையில் கொடுத்து, தவிடு கொடுத்து வாங்கினார். அதோடு நிற்கவும் இல்லை. என்னை நிறுக்கக் கொண்டுபோகும் நாட்களில் தாய் யார் என்று கேட்டால் அந்த அன்ரிதான் என்னைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவாராம். அம்மா வரிசைக்குப் பின்னால், பையைப் பிடித்துக்கொண்டு, வேறு யாருடைய பிள்ளையையோ நிறுக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாராம். ஒரு நாள்கூட அங்கே வாய் திறந்து தான்தான் தாய் என்று சொன்னதில்லை. எனக்காகச் சொல்லாத அந்தச் சொல்லைத்தான் குப்பனுக்காகச் சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு மாமா வானொலியைப் போட்டார். இப்போது என்னிடம் ஒரு பூனை இருக்கிறது. ஆறு மாதத்துக்கொருமுறை தவறாமல் காட்டுகிறேன். டொக்டர் அதைப் புகழும்போது நான் நன்றி சொல்கிறேன், உள்ளுக்குள் மெல்லத் துப்பியும்கொள்கிறேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தெரியாது. காத்திருக்கும் கதிரையில் அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூனைக் கூடைக்காரர் யாரோ வந்து தூங்கினார், எழும்பிப் போனார். வெயில் கதவுக்குக் கீழால் வந்து தரையில் நீண்டது. மாமா மீன்பொரியல் வாங்கி வந்தார், ஒருவரும் தொடவில்லை. அம்மா மட்டும் அசையாமல் அந்த உள்ளறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டொக்டர் பச்சை உடுப்போடு வெளியே வந்து, எடுத்தாயிற்று, பிழைத்துவிட்டான் என்றார். சில நாட்களில் அது கெட்ட கட்டி இல்லை என்றும் செய்தி வந்தது. வெடிக்காமல் அகப்பட்டதுதான் அதிர்ஷ்டம். குப்பன் அதன்பிறகு முகமெல்லாம் நரைக்கும் வரை எங்களோடு இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு, வயிற்றில் தையல், கண்ணில் இன்னும் மருந்து மயக்கம். அம்மா வரவேற்பறையில் வெயில் விழும் இடத்தில் தன் பழைய சேலையை மடித்து விரித்தார். குப்பன் அதில் பெருமூச்சு விட்டுப் படுத்தது. மாமா குசினிக்குள் போய் வெறும் கோப்பையோடு வந்து நின்றார்.

“அக்கா, தவிடு? நாய் இன்னும் என்ர பேரிலதான் நிக்குது.”

“போடா. இனி வாங்கிற விக்கிற கதை இல்லை. அது என்ர.”

மாமா கோப்பையைக் கையில் வைத்தபடி நின்றார். நான் குப்பனின் பக்கத்தில், தையலில் படாமல், வெயிலுக்குள் படுத்தேன். எவ்வளவு கோபமாக இருந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அம்மா, அப்ப என்னை? என்னையும் வாங்கினதுதானே?”

“ஓம்.”

“என்ன விலை?”

அம்மா என் தலைமயிரைக் கோதிவிட்டார்.

“ஒரு சுளகு நிறையத் தவிடு” என்றார்.

சுளகு என்றால் என்னவென்று கேட்டேன். இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். மாமா கோப்பையோடு குசினிக்குள் போய்விட்டார். நான் துள்ளி எழும்பினேன். குப்பனுக்கு ஒரு கோப்பைதான், எனக்கு இவ்வளவா! என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. குசினிக்கு ஓடிப்போய், நான் குப்பனைவிட விலை கூட, நான் விலை கூட என்று மாமாவைச் சுற்றிச் சுற்றிக் குதித்தேன். எதற்கும் பதில் வைத்திருக்கும் மாமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்றும் ஒட்டியிராத அந்தக் கோப்பையைக் குழாயில் கனநேரம் கழுவிக்கொண்டு நின்றார். தவிடு கிடைக்காத கவலை என்று நினைத்து, அப்பாவின் பெட்டியை எடுத்து வந்து நானே அவருக்கு ஒரு கோப்பை நிறையப் போட்டுக் கொடுத்தேன்.